ஆழமானியும் சிவப்புக் கோடும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. உன் கோழிக்கிறுக்கலைக்கூடப் படிக்க முடிகிறது.

நீர்மூழ்கியின் ஆழமானியில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கப்பல் உடைந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். உடனே உடையாது. முதலில், அந்த மானி நேரடியாக ஆழத்தை அளப்பதில்லை. கடலோடு குழாய் வழியே இணைந்த அழுத்தமானி அது. சுமார் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற கணக்கில், முகப்பில் மீட்டரோ அடியோ எழுதிவிடுவார்கள். நீ சொல்லும் சிவப்புக் கோடு கடற்படை விதிக்கும் எல்லை, அதாவது ‘சோதனை ஆழம்’. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் கேட்டோ வகை நீர்மூழ்கிகளுக்கு 300 அடி. தடித்த ஓடு கொண்ட பலாவோ வகைக்கு 400. கப்பல் உண்மையில் நசுங்கும் ஆழம் அதற்கும் கீழே.

குழாய் அடைபட்டால் முள் பொய் சொல்லும். ஜெர்மனியின் யு-331 நீர்மூழ்கியின் கதையைக் கேள். 1941 நவம்பர் 25, எகிப்துக்கு வடக்கே அது பிரிட்டனின் பார்ஹாம் போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்தது. பார்ஹாமில் 800 பேருக்கு மேல் மாண்டார்கள். டார்பிடோக்கள் போனதும் முன்பக்கம் எடை குறைந்து, நீர்மூழ்கி மேலே வந்துவிட்டது. பிரிட்டனின் வேலியண்ட் போர்க்கப்பல் மோத வருகிறது! நீர்மூழ்கியின் தளபதி டீசன்ஹவுசன் அவசரமாக மூழ்கச் சொன்னார். கட்டுப்பாட்டறை முள் 80 மீட்டர் பக்கத்தில் அசையாமல் நின்றது. சந்தேகப்பட்டு, முன்பக்க மானி என்ன காட்டுகிறது என்று கேட்டால், 250 மீட்டர்! சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம். கட்டியவர்கள் உறுதி கொடுத்த ஆழத்தைவிட வெகு கீழே. ஆனாலும் ஓடு தாங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். இன்னொரு மானி இல்லாதிருந்தால் இறங்கிக்கொண்டே இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இந்த ஆழம் எதிரிக்குத் தெரியக்கூடாத ரகசியம். 1943இல் அமெரிக்க எம்.பி. ஆண்ட்ரூ மே, ஜப்பானியர் நீர்மூழ்கிகளைத் தாக்கக் கடலில் போடும் ஆழ்வெடிகளைப் போதிய ஆழத்தில் வெடிக்க வைப்பதில்லை என்று நிருபர்களிடம் உளறிவிட்டார். அதனால் 10 நீர்மூழ்கிகளும் 800 பேரும் போனதாக அமெரிக்க நீர்மூழ்கிப் படைத் தளபதி அட்மிரல் லாக்வுட் பின்னால் கொதித்தார். எண்ணிக்கை அவருடைய மதிப்பீடுதான். ஆனால் கோபத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
ராமு