கதவருகே சார்ஜ் போடாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோ அழைப்பில் நீ பேசிக்கொண்டிருந்தபோது, உனக்குப் பின்னால் வாசற்கதவை ஒட்டி உன் மின்சைக்கிளின் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. தோழி பக்கத்தில் இருந்ததால் அப்போது சொல்லவில்லை. இன்றைக்கே அதை அங்கிருந்து எடுத்துவிடு.

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் யோசிக்க நேரம் தராது. உள்ளே இரு மின்முனைகளுக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான். பேட்டரி நசுங்கியோ அளவுமீறிச் சூடேறியோ அந்தப் படலம் பழுதானால், முனைகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடு எகிறும். பேட்டரி என்பது பல சிறு மின்கலங்களின் தொகுப்பு; ஒரு கலத்தின் வெப்பமே அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். வரும் புகையும் நச்சு. உன் அறைக்கு இருப்பதோ ஒரே கதவு. அங்கேயே தீ எழுந்தால் எந்த வழியாக வெளியேறுவாய்? அப்படி ஏதாவது நடந்தால் பொருளைக் காப்பாற்ற நிற்காதே. வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையை அழை.

சார்ஜ் போடுவது நீ விழித்திருக்கும் நேரத்தில், வெறும் தரையில் இருக்கட்டும். மெத்தை, திரைச்சீலை எதுவும் அருகில் வேண்டாம். ஓட்டி வந்த சூடு தணிந்த பிறகு போடு. முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு சார்ஜரை மாட்டிவிடாதே. 36 வோல்ட் பேட்டரி வழக்கமாக 42 வோல்ட்டில் நிரம்பிவிடும். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜரோ 54.6 வோல்ட் வரை ஏற்றும். அதைத் தடுக்க உள்ளே ஒரு காப்புச் சுற்று இருக்கிறது என்றாலும், அதை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

மேசை இழுப்பறையில் பழைய கைபேசி ஒன்று கிடப்பதாகச் சொன்னாயே, அதை எடுத்துப் பார். திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு, நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அழுத்தாதே, குத்தாதே, சார்ஜ் போட்டும் பார்க்காதே. எரியக்கூடியவை அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடு. குப்பைத்தொட்டியில் போட்டால், அள்ளுபவர்கள் கையில் அது வெடிக்கலாம்.

சைக்கிளை நெடுநாள் ஓட்டாமல் விடுவதானால், பேட்டரியைப் பாதிச் சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வை.

விமானத்தில் வரும்போது பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் அனுப்பக் கூடாது. 100 வாட்-மணி (பேட்டரி தேக்கும் மின்னாற்றலின் அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. உன்னுடைய 20,000 மில்லி ஆம்பியர்-மணி ஏறக்குறைய 74 வாட்-மணிதான். அதில் அச்சிட்ட இந்த அளவு அழிந்திருந்தால் சோதனையில் நிறுத்தக்கூடும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா