2025 ஆண்டறிக்கை: "ஐ.நா. இருக்கிறதே, நாம் எதற்கு?"

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை மியான்மரின் (பர்மா) மோல்மீன் நகரில் நம் சங்கம் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். தைப்பூசம் நடந்தது, காவடி குறைவு, அன்னதானம் குறையவில்லை. ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கிறது, ஆனால் பெரிய பையன்கள் பலர் ஊரில் இல்லை, காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இறுதிச் சடங்கு உதவி நிதியின் கணக்கைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் உள்நாட்டுச் சண்டையால் ஊரை விட்டு வந்தவர்களுக்கு நாம் செய்த உதவியைப் பற்றியதுதான், ஏனென்றால் இந்த ஆண்டு நம் நேரமும் பணமும் பெரும்பாலும் அங்கேதான் போனது.

போன ஆண்டுக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் எழுந்து கேட்டார்: "அகதிகளுக்கு ஐ.நா. இருக்கு, செஞ்சிலுவை இருக்கு, வெளிநாட்டுக்காரன் கோடி கோடியா அனுப்புறான், நாம நாலு மூட்டை அரிசி கொடுத்து என்ன ஆகப்போகுது?" நியாயமான கேள்வி, அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ஆண்டு முழுக்க அலைந்தபோது தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நம்மிடம் வந்தவர்கள் சட்டப்படி அகதிகளே இல்லை. எல்லையைத் தாண்டித் தாய்லாந்துக்குப் போனவர்கள்தான் அகதிகள். அந்தப் பக்கம் 9 முகாம்கள் இருக்கின்றன, முதல் முகாம்கள் 1984-இல் வந்தவை, மே லா முகாம்தான் பெரியது, எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் பேருக்கு மேல். கரேன் மாநிலத்துக் கொக்கரேயிக்கிலிருந்தும் மோன் மாநிலத்துச் சைக்மரோ பக்கமிருந்தும் குழந்தை குட்டியோடு நம் ஊருக்கு வந்தவர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே வீடு இழந்தவர்கள். இப்படி இடம்பெயர்ந்தவர்கள் நாடு முழுவதும் 35 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கு சொல்கிறது. எல்லை தாண்டியவருக்கு 1951-இன் அகதிகள் ஒப்பந்தம் இருக்கிறது (அதில் தாய்லாந்தும் கையெழுத்திடவில்லை, நம் நாடும் இடவில்லை, அது வேறு கதை). உள்ளேயே இருப்பவருக்கு 1998-இல் ஐ.நா. வகுத்த வழிகாட்டு நெறிகள் மட்டும்தான், அவை யாரையும் கட்டுப்படுத்தாது. ஐ.நா. லாரி புறப்பட வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும், வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியும் விட வேண்டும். தாய்லாந்து எல்லைக்குப் போகும் ஆசிய நெடுஞ்சாலை அடிக்கடி மூடப்பட்ட இந்தக் காலத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எல்லை நகரமான மியாவடியிலிருந்து வரும் சரக்கை நம்பிக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பணம். ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்ததும் சில நாட்களிலேயே தாய்லாந்து எல்லை முகாம்களில் மருத்துவமனைகள் மூடப்பட்டன, பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களையும் ஆக்ஸிஜனில் இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்ச் 14 அன்று ஐ.நா. உலக உணவுத் திட்டம், ஏப்ரல் முதல் நம் நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் உணவு உதவி நிற்கும், மிகவும் இல்லாத 35,000 பேருக்கு மட்டும்தான் கொடுக்க முடியும் என்று அறிவித்தது. தொடர்ந்து கொடுக்க அவர்கள் கேட்ட தொகை 6 கோடி டாலர். அந்த ஆண்டு நம் நாட்டுக்கென்று எல்லா அமைப்புகளும் சேர்ந்து கேட்டது 110 கோடி டாலர், அதில் பெரும் பகுதி வரவே இல்லை.

அந்த அறிவிப்பு வந்து சரியாக இரண்டு வாரம், மார்ச் 28, பூமி ஆடியது. 7.7 அளவு, சகாய்ங்கும் மாண்டலேயும் நொறுங்கின, 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது உலகம் ஓடி வந்ததையும் நான் எழுதியாக வேண்டும். மறுநாளே இந்தியாவின் விமானம் ரங்கூனில் இறங்கியது, 'ஆபரேஷன் பிரம்மா' என்று பெயரிட்டு மாண்டலேயில் ராணுவ மருத்துவமனை போட்டார்கள், சீனா, ரஷ்யா, சிங்கப்பூர், மலேசியா என்று மீட்புக் குழுக்கள் வந்தன. மாண்டலேயில் இருக்கும் நம் உறவினர்கள் போனில் அதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் பூகம்பம் உலுக்கிய அதே சகாய்ங் பிராந்தியத்தில்தான் சண்டையால் வீடிழந்தவர்களும் நாட்டிலேயே அதிகம். கட்டடம் இடிந்த படம் உலகம் பூராவும் போகிறது, நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கும் குடும்பத்தைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஜூலை 31-க்குப் பிறகு எல்லை முகாம்களிலும் பெரும்பாலானவர்களுக்கு உணவு உதவி நின்றது. ஆகஸ்ட் 26 அன்று, முகாமில் பதிவு பெற்றவர்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்று தாய்லாந்து அமைச்சரவை முடிவு எடுத்தது, நாற்பது வருஷத்துக்குப் பிறகு வந்த நல்ல முடிவு. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி எந்தக் கதவும் திறக்கவில்லை.

சரி, நாம் செய்தது. நம் தெருவுக்கு அந்தண்டை இருக்கும் பொங்கி (புத்த பிக்கு) மடத்தில் மழைக்காலத்தில் 41 குடும்பங்கள் இருந்தன. பெரிய பொங்கிதான் அவர்களுக்கு இடம் கொடுத்தவர், பட்டியலும் அவரிடம்தான். முதல் தடவை நாம் உறுப்பினர் வீடுகளில் பழைய துணி சேகரித்துக்கொண்டு போனோம், அது என் யோசனை. போய்ப் பார்த்தால் மூட்டைக்குள் பாதி சேலை, அதில் கிழிந்த ஜரிகைப் பட்டு வேறு. கரேன் பெண்கள் லுங்கி கட்டுபவர்கள், சேலையை வைத்து என்ன செய்வார்கள்? ஒரு பாட்டி மட்டும் ஒரு நூல் சேலையை எடுத்து இழுத்துப் பார்த்து, உத்திரத்தில் கட்டிப் பேத்தியைத் தூளியில் போட்டார். மற்றதெல்லாம் மூலையில் குவிந்து மழையில் நாறியது, மடத்துச் சின்ன பொங்கிகள்தான் அதை எரிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேலை வைத்ததற்காக நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது தடவை அரிசி. வாங்கிய மூட்டைகளில் மூன்று புழுத்திருந்தன. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார், அதனால் செயற்குழு உறுப்பினர்களே பணம் போட்டு வேறு வாங்கினோம். அரிசி அளந்தது அங்கேயே இருந்த ஓர் அம்மா, கொக்கரேயிக்கில் கடை வைத்திருந்தவராம். ஒரு பியிக்கு (இங்கே அரிசி அளக்கும் படி) எட்டுப் பால் டின், ஒவ்வொரு டின்னையும் குவித்து எடுத்து, மேலே விரலால் வழித்து, வழிந்ததைச் சாக்கிலேயே தள்ளிவிட்டு, அப்புறம்தான் பைக்குள் கொட்டினார். தன் சொந்தப் பைக்கும் அதே அளவுதான், ஒரு அரிசி மணிகூட அதிகமில்லை. நான் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாதான் கேட்டார், "அடுத்த தடவை பணமா கொடுக்க முடியுமா தம்பி?" ஒருவருக்குப் பிரஷர் மாத்திரை, ஒருவருக்குப் பிள்ளைப் பால் மாவு, ஒருவருக்குப் கரேன் மாநிலத் தலைநகர் பா-அன் போக வண்டிக் காசு, இன்னொருத்தருக்கு ஙாப்பி (புளிக்க வைத்த மீன், இறால் விழுது) இல்லாமல் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் நாம் எப்படிப் பட்டியல் போட முடியும்? செயற்குழுவில் பெரியவர்கள் சிலர், பணம் கொடுத்தால் வெற்றிலை பாக்குக்குப் போய்விடும் என்றார்கள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். உலக உணவுத் திட்டமே நம் நாட்டில் பல இடங்களில் அரிசிக்குப் பதில் பணம்தான் கொடுத்து வந்தது என்று எடுத்துச் சொன்னேன். மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானது. போனில் அனுப்பினால் நெட் இல்லாத நாளில் எடுக்க முடிவதில்லை, அதனால் கையிலேயே கொடுத்தோம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அந்த நோட்டுப் புத்தகம் பொருளாளர் அண்ணனிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீண் போனதாக ஒரு புகார்கூட வரவில்லை.

ஒரு கேள்வியை நிறையப் பேர் தனியாக வந்து கேட்டார்கள்: அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள், உதவினால் நமக்குத் தொல்லை வராதா? நாம் யாரிடமும் பக்கம் கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டோம். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3-ஆம் பிரிவு உள்நாட்டுச் சண்டைக்கும் பொருந்தும், ஆயுதம் ஏந்தாதவரை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும், பாரபட்சம் பார்க்காத அமைப்பு உதவ முன்வரலாம் என்று அது சொல்கிறது. நம் நாடும் அதை ஏற்றுக்கொண்ட நாடுதான். மடத்துக்கு உள்ளே கொடுப்போம், பெரிய பொங்கி முன்னால் கொடுப்போம், படம் எடுத்துப் போட மாட்டோம். இந்த மூன்றும் நம் பாதுகாப்புக்கும் அவர்கள் மானத்துக்கும் சேர்த்து எடுத்த முடிவு.

என் தாத்தா 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது புரோமிலிருந்து தவுங்குப் மலைப்பாதை வழியாக மேற்குக் கரையிலிருக்கும் அரக்கானுக்கு நடந்தவர். லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படி நடந்தார்கள், காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போனார்கள். அரக்கான் கிராமத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் கஞ்சித் தண்ணீர் ஊற்றியதால்தான் பிழைத்தேன் என்று கடைசி வரை சொல்வார். அப்புறம் 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஆகி, கடைகள் பறிபோய், கப்பலேறிப் போன நம் உறவுகள் இன்றைக்கும் தமிழ்நாட்டில் பர்மா காலனிகளில்தான் இருக்கிறார்கள். நம் குடும்பங்களில் இந்தக் கதை இல்லாத வீடு உண்டா?

பின்வரிசை அண்ணனுக்கு என் பதில் இதுதான். ஐ.நா. இருக்கிறது, இருக்கவும் வேண்டும், 35 லட்சம் பேருக்கு நம்மால் சோறு போட முடியாது. ஆனால் அவர்கள் பணம் ஒரு தலைநகரத்தில் எடுக்கும் முடிவால் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. 2008 நர்கிஸ் புயலிலும் வெளிநாட்டு உதவி உள்ளே வர வாரக்கணக்கில் ஆனபோது ஐராவதி டெல்டாவுக்கு அரிசி ஏற்றிப் போனது நம்மைப்போன்ற சாதாரண ஜனங்கள்தான். ஒரு உதவி நின்று அடுத்தது வரும் வரை நடுவில் இருக்கும் அந்த நாட்களுக்கு நாம் வேண்டும்.

அதனால் செயற்குழு வைக்கும் கோரிக்கை: திருவிழாவுக்குத் திருவிழா வசூல் செய்வதை விட்டு, ஒவ்வொரு வீடும் மாதா மாதம் முடிந்த தொகையை, சிறிது என்றாலும் நிற்காமல், கொடுக்க வேண்டும். ஒரே தடவை பெரிய தொகை வந்து மூன்று மாதம் ஒன்றும் இல்லாமல் போனால் மடத்தில் இருப்பவர்கள் எதையும் திட்டமிட முடியவில்லை, அந்த அம்மா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய துணி தயவுசெய்து வேண்டாம். போர்வை, கொசுவலை புதிதாக இருந்தால் வாங்கிக்கொள்கிறோம். வண்டி ஓட்ட இரண்டு பேர் தேவை, கரேன் மொழி பேசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பெரிய உதவி.

இன்னும் 17 குடும்பங்கள் மடத்தில் இருக்கின்றன. மற்றவர்கள் சிலர் பா-அன் பக்கம் போனார்கள், சிலர் எல்லை தாண்டினார்கள், அரிசி அளந்த அம்மா நவம்பரில் கொக்கரேயிக்குக்கே திரும்பிப் போனார், வீடு நிற்கிறதா என்று பார்க்க. போய்ச் சேர்ந்ததாகச் சேதி இன்னும் வரவில்லை. மாதச் சந்தாப் படிவம் கோயில் அலுவலக மேசையில் இருக்கிறது. அரிசி கொண்டுபோன சாக்குகள் உங்கள் வீட்டில் இருந்தால் தை முதல் வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள்.