ஒரு வருடச் சந்தா, 30 நாள் பாட்டு

இசைச் செயலி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரை எழுதவில்லை. இறக்கி வைத்த பாட்டு, 30 நாளுக்குள் ஒரு முறை நெட்டில் இணையாவிட்டால் நின்றுபோகும் என்ற இந்த விதி உங்கள் தொழிலில் பலரிடம் இருக்கிறது, படிக்கிற எல்லாரும் தங்களுக்கு வந்த கடிதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், டவர் கிடைக்காது. பஸ் நிறுத்தம் வரை நடந்தால் பேச்சு வரும், நெட் வராது. அதனால் பொங்கலுக்குப் போகும் முன் கோவையிலேயே அவர் பெயரில் ஒரு வருடச் சந்தா கட்டி, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கட்டி, புதுப் போனில் 214 பாட்டுகளை இறக்கி எடுத்துப் போனேன். காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்பார்.

பிப்ரவரி நடுவில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. பேர் இருக்கிறது, படம் இருக்கிறது, பாட்டு இல்லை. அம்மா பஸ் நிறுத்தத்துக்கு வந்து போன் செய்து சொன்ன முதல் வார்த்தை: "நான் எதையும் அமுக்கலடா, அதுவாவே போயிருச்சு." தப்பு தன்னுடையது என்றே நினைத்திருக்கிறார்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'இணையத்தில் இணைந்து மீண்டும் முயலவும்' என்று பதில் வந்தது. நன்றி. இணைய முடிந்தால் எதற்கு இறக்கி வைக்கப் போகிறோம்?

30 நாளைக்கு ஒரு முறை செயலி உங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம், சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. மாதச் சந்தாக்காரருக்கு அது சரி. அம்மாவின் 12 மாதப் பணம் ஜனவரியிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டதே! எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு வேண்டும், உரிமைத்தொகை அதை வைத்துத்தான் பிரிகிறது என்பீர்கள். வேண்டியதுதான். போன் எப்போது டவரைப் பார்க்கிறதோ அப்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பாட்டை ஏன் பிடித்து வைக்கிறீர்கள்? நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு வருடத்துக்குப் பணம் கட்டியவருக்கு, இறக்கிய பாட்டு ஒரு வருடம் ஓடட்டும்.

அப்பா பொள்ளாச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் எங்கள் வீட்டில் இருந்தன. நாடா சிக்கும், பென்சிலை விட்டுச் சுற்றுவோம், மறுபடி பாடும். அந்தக் காசில் பாட்டுப் போட்டவருக்கு எதுவும் போகவில்லை என்பதும் தெரியும். அதனால்தான் இன்று முறையாகக் கட்டிக் கேட்கிறேன். முறையாகக் கட்டியவன் வீட்டில்தான் பாட்டு நின்றுபோகிறது, ஓசியில் இறக்கி மெமரி கார்டில் ஏற்றிய பக்கத்து லைன் பையனுக்கு இன்றும் ஓடுகிறது.

2009-ல் ஆப்பிளே தன் ஐடியூன்ஸ் இணையக் கடையில் விற்ற பாட்டுகளில், இஷ்டப்படி நகலெடுக்க விடாமல் வைத்திருந்த பூட்டைக் கழற்றியது. அது விற்ற பாட்டு, இது வாடகைப் பாட்டு என்பீர்கள். சரி, வாடகையே. வருட வாடகையை முன்கூட்டி வாங்கிய எந்த வீட்டுக்காரர் மாதா மாதம் சாவியைப் பிடுங்குகிறார்? அப்புறம், ஒரே சந்தாவில் வீட்டில் பலர் கேட்கலாம் என்கிற உங்கள் குடும்பத் திட்டம். ஒரே முகவரியில் இருந்தால்தான் குடும்பமாம். பிழைப்புக்காகக் கோவைக்கு இறங்கிய மகன் உங்கள் கணக்கில் அம்மாவுக்கு யாரோ. அதனால்தான் இரண்டு தனிச் சந்தா கட்டுகிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். இப்போதைக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வால்பாறை டவுனுக்குப் போய், ஒரு டீக்கடை வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார், தான் பணம் கட்டியவர்தான் என்று உங்களுக்குக் காட்ட. இருட்டினால் சிறுத்தை நடமாடும் ஊர், நாலு மணிக்கே திரும்பிவிட வேண்டும்.

தயவுசெய்து அந்த 30 நாளைச் சந்தா முடியும் நாள் என்று மாற்றிக் கொடுங்கள். சித்திரையில் மறுபடி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறேன். அதற்குள் செய்தால் போதும்.

இப்படிக்கு,
இரண்டு சந்தாவுக்கும் பணம் கட்டுகிறவன்