ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் கடிதப் பகுதியில் ஒரு நண்பர், ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஜெயிப்பது கார்தான், ஓட்டுகிறவர் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தார். நாலு வரி தள்ளி, நம்ம நரேன் கார்த்திகேயன் அங்கே போய் ஒன்றும் கிழிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். எல்லாம் கார்தான் என்றால் நரேனை எதற்கு ஐயா திட்டுகிறீர்கள்?

2005-ல் நரேனுக்குக் கிடைத்தது ஜோர்டான் அணியின் கார், அந்த அணியே அப்போதுதான் கைமாறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவர் எடுத்த 5 புள்ளிகளும் இண்டியானாபொலிஸ் பந்தயம் ஒன்றில் வந்தவை. மிஷ்லின் டயர் போட்ட 14 கார்களும், டயர் தாங்காது என்று, பந்தயத்துக்கு முன்னால் வரிசையாகச் சுற்றிவரும் ஃபார்மேஷன் சுற்றோடு பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடம்) போய்விட, மிச்சம் ஓடிய 6 கார்களில் அவர் நாலாவது. இதைச் சாதனை என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அதே காரை ஓட்டிய டியாகோ மொன்டேரோ அன்றைக்கு மூன்றாவதாக வந்தார், வருஷக் கடைசியில் அவர் கணக்கில் 7 புள்ளி. குறை சொல்வதென்றால் அந்த ரெண்டு புள்ளி வித்தியாசத்தைக் காட்டிச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சாம்பியன்களான அலோன்சோவோடும் ஷூமாக்கரோடும் நிறுத்திப் பார்ப்பது என்ன நியாயம்? அப்புறம் அவருக்குக் கிடைத்தது ஹெச்ஆர்டி அணியின் கார். 2011, 2012 ரெண்டு வருஷமும் மெல்போர்னில் தகுதிச் சுற்றில் முதல் காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரமுடியாமல் பந்தயத்தில் நிற்கவே இடம் கிடைக்கவில்லை. கூட ஓட்டியவருக்கும் அதே கதிதான்.

கார் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜார்ஜ் ரஸ்ஸலைவிட நல்ல சாட்சி கிடையாது. வில்லியம்ஸ் அணியில் 2019 முழுக்க ஓட்டியும் ஒரு புள்ளிகூட இல்லை, அடுத்த வருஷமும் அந்தக் காரில் அதே கதை. 2020 டிசம்பரில் மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டனுக்குக் கொரோனா வரவே, பஹ்ரைனில் ஒரே ஒரு பந்தயத்துக்கு அவர் காரில் ரஸ்ஸல் ஏறினார். உள்ளே கால் கொள்ளாமல் ஒரு சைஸ் சின்ன ஷூ போட்டுக்கொண்டு ஓட்டியவர், தகுதிச் சுற்றில் அதே அணியின் போட்டாஸைவிட 0.026 வினாடிதான் பின்னால். பந்தயம் தொடங்கியதுமே முன்னால் போய்விட்டார். பிட்டில் டயரைக் குழப்பி, பிறகு பஞ்சரும் ஆகி ஒன்பதாவதாக முடிந்தது வயிற்றெரிச்சல்.

நண்பர் இதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போட்டாஸ் அந்த அணியில் நாலு வருஷமாக இருந்தவர், ரஸ்ஸல் நேற்று வந்தவர், கார் ரெண்டு பேருக்கும் ஒன்றே. 2023-ல் 22 பந்தயங்களில் ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 19 ஜெயித்தார், அவரோடு அதே அணியில் ஓட்டிய பெரெஸ் 2. அங்கேயும் ரெட் புல் கார்தானே இருவருக்கும்? (வெர்ஸ்டாப்பன் கைக்குத் தோதாகவே அந்தக் காரை வளர்த்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள். பதினேழு வெற்றி வித்தியாசம் அதில் அடங்குமா?)

எங்கள் ஊர்க்காரர் கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார் கட்டினார். செலவு குறைவு, எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. நரேன் பந்தயம் ஓட்டத் தொடங்கியது அந்தக் காரில்தான், அங்கே கார் மேல் பழி போட யாருக்கும் வழி இல்லை.

ஒரு வாசகர்,
கோவை