படித்துறைப் பலகையை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய செயல் அலுவலர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும்,

வணக்கம். ஆடி அமாவாசையன்று நம் கோயில் படித்துறையில் கூடும் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெரிசலும் சேறும் எங்களுக்குப் பழகிவிட்டன. பழகாதது, இந்த ஆண்டு நீங்கள் வைத்திருக்கும் பலகை. தர்ப்பணம் செய்தால் திருமணத் தடை நீங்குமாம், கடன் அடையுமாம், வெளிநாட்டு யோகம் வருமாம். செய்யாவிட்டால் பித்ரு தோஷம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல் வேறு. உயிரோடு இருந்தபோது நாம் தும்மினாலே பதறியவர்கள், போன பிறகு ஒரு பிடி எள்ளுக்காகவா நம்மைச் சபிப்பார்கள்?

பலகையோடு விட்டீர்களா? அதையே ஒலிபெருக்கியிலும் ஓயாமல் படிக்க வைத்தீர்கள். தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் வரிசை முடிந்து என் அம்மாவின் முறை வந்தபோது, "கடன் தொல்லை தீர" என்று அது அலறியது. பெயர் காதில் விழாமல் புரோகிதர் மறுபடியும் மறுபடியும் கேட்டார். விரலில் தர்ப்பைப் பவித்திரமும் உள்ளங்கையில் எள்ளும் நீருமாக உட்கார்ந்துகொண்டு, பெற்ற தாயின் பெயரைச் சண்டைக்காரனைப் போலக் கத்திச் சொன்னேன். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் உரக்கச் சொன்னதே இல்லை.

தயவுசெய்து அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள்.

தர்ப்பணத்தின் முடிவில், தாயோ தந்தையோ சுற்றமோ இல்லாமல் போனவர்களுக்கென்றும் நீர் விடுகிறோம். முகம் தெரியாத அவர்களிடம் எந்த யோகத்தைக் கேட்பது? இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்க்கும் "அறவிலை வணிகன் ஆய் அலன்" (அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய்) என்று வள்ளல் ஆய் அண்டிரனைச் சங்கப் புலவர் முடமோசியார் பாடியது புறநானூற்றில் 134ஆம் பாட்டு. நாங்கள் ஆய் அண்டிரன்கள் அல்லதான். அதற்காகக் கோயிலே எங்களை வணிகர்களாக்க வேண்டுமா? கைபேசியைத் திறந்தால் பரிகாரம், தொலைக்காட்சியைப் போட்டால் பரிகாரம். இந்தப் போக்கில், பலன் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்று அடுத்த ஆண்டு கட்டணச் சீட்டிலேயே அச்சிட்டுவிடலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. அதற்குள் பலகையை அகற்றித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒலிபெருக்கி, கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளை அறிவிக்க மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
படித்துறைக்கு வரும் ஒரு மகன்