கியர்பொக்ஸ் பற்றி நெட்டையனுக்கு

யாழ்ப்பாணம்

அன்பின் நெட்டையனுக்கு,

இங்கு அனைவரும் நலம். சின்னவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறாள். உன் மருமகள்தானே, வேறெப்படி இருப்பாள்? இந்தக் கடிதத்துக்குக் காரணம் கார்.

கண்டியில் உன்னிடம் விடைபெற்று வந்த அன்று, பலகடுவ ஏற்றத்திலேயே எஞ்சின் கத்தியதே தவிர வேகம் ஏறவில்லை. வவுனியாவைக் கடந்தபின், 40 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல அழுத்தும்போதெல்லாம் வண்டி முழுவதும் நடுங்கியது. முறிகண்டியில் ஆறவிட்டு எடுத்த பிறகு வீடுவரை நல்ல பிள்ளையாக ஓடிற்று. போகும்போது பிள்ளையாரிடம் நிற்காமல் போனதன் பலன் இது என்று பெரியம்மா தீர்ப்பளித்துவிட்டார். மகளுக்கு அதைவிடக் கச்சான் வாங்காததே பெரிய முறைப்பாடு.

முதலில் பார்த்த கராஜ்காரர் பொனற்றைத் திறக்காமலே கியர்பொக்ஸை மாற்ற வேண்டும் என்றார். அவர் கியர்பொக்ஸ் விற்பவர். அடுத்தவர் ஒயில் மாற்றினால் போதும் என்று சொல்லி, சாதாரண ஒட்டோமெட்டிக் ஒயில் கானைக் கையில் எடுத்தார். நல்லவேளையாக நான் தடுத்தேன். நம்முடையது சிவிரி (CVT) வகை. உன் மனுவல் வண்டியைப் போல் அதில் பற்சக்கரப் படிகள் இல்லை; இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு இடையில் உருக்குப் பட்டி ஒன்று ஓடுகிறது, கப்பிகள் விரிந்தும் நெருங்கியும் வேக விகிதத்தை மாற்றுகின்றன. அந்தப் பட்டி வழுக்காமல் இருப்பது ஒயிலின் அமுக்கத்தாலும், உருக்கை உருக்கு பற்றிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட அந்த ஒயிலின் தன்மையாலுந்தான். அமுக்கம் குறைந்தால் பட்டி வழுக்கும், வழுக்கினால் கப்பி சுரண்டப்படும், சுரண்டிய துகள் ஒயிலின் ஓட்டத்தை ஆளும் வால்வுத் தொகுதிக்குள் போய், அங்குள்ள மின்வால்வான சொலனொயிட்டை அடைக்கும், அதனால் அமுக்கம் மேலும் குறையும்.

மூன்றாவதாகச் சுன்னாகத்தில் ஒரு பொடியனிடம் போனேன். எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும், எஞ்சின் மவுண்ட் நைந்திருந்தாலும் இதே நடுக்கம் வரும் என்று சொல்லி, பிளக், கொயில், மவுண்ட் அனைத்தையும் பார்த்துவிட்டே ஸ்கேனரைச் செருகினான். பி 0868 என்று வந்தது. கியர்பொக்ஸ் ஒயிலின் அமுக்கம் குறைவு என்பது அதன் பொருள். பிறகு அடித்தட்டைக் கழற்றினான். ஒயில் கறுத்து, சற்றே கருகல் மணத்தோடு இருந்தது. ஆனால் துகளைப் பிடிக்கத் தட்டில் வைத்திருக்கும் காந்தங்களில் இருந்தது மாவு போன்ற சாம்பல் நிறப் பசை மட்டுமே. அது வழமையான தேய்மானமாம். மினுங்கும் செதில்கள் இருந்திருந்தால் பட்டியும் கப்பியும் போய்விட்டன என்று அங்கேயே முடிவு செய்திருக்கலாம். செதில் இல்லாததுதான் என்னை இந்த இரண்டும்கெட்டான் நிலையில் வைத்திருக்கிறது.

வால்வுத் தொகுதியையும் ஒயிலையும் பில்டரையும் மட்டும் மாற்றினால் 1,10,000 ரூபாய். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து, ஜப்பானில் கழற்றிய பழைய கியர்பொக்ஸ் பெட்டியை எடுத்துப் பூட்டினால் 3,40,000, மூன்று மாத உத்தரவாதத்துடன். புதிய பெட்டியின் விலையைக் கேட்டபின் அதைப் பற்றி வீட்டில் நான் வாய் திறக்கவில்லை.

விற்றுவிடு என்று நீ தொலைபேசியில் சுலபமாகச் சொல்லிவிட்டாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். திறந்தும் வரிகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பழைய காரின் பாதி விலையை கியர்பொக்ஸே விழுங்கினால் காரைக் கைவிடு என்னும் வெளிநாட்டுக் கணக்கு இங்கே செல்லாது. நம் வண்டி நான் வாங்கிய விலையைவிட இன்று கூடுதலாகப் போகும். இதை விற்றால் இதே வயதில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இன்னொன்றைத்தான் வாங்க முடியும். அந்த இடது முழங்காலோடு என் மனைவியால் இனி கிளச் மிதிக்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. புது ஒயில் ஊற்றி, ஸ்கேனரில் வந்த அந்தக் குறியீட்டை அழித்துவிட்டால் சில கிழமைகளுக்கு ஒன்றும் தெரியாது, அதற்குள் கைமாற்றிவிடலாம் என்று தரகர் ஒருவர் காதில் ஓதினார். வாங்குகிறவன் பிள்ளைகளோடு இரவில் மாங்குளம் பக்கம் இழுவையில்லாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். விற்பதானால் குறையைச் சொல்லித்தான் விற்பேன். சொன்னால் எவன் நல்ல விலை தருவான்?

ஆகவே என் மனம் திருத்துவதன் பக்கமே சாய்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. வெள்ளிக்கிழமை பொடியன் அமுக்கமானியைப் பூட்டி, ஒயில் சூடான நிலையில் அளக்கப் போகிறான். குறை வால்வுத் தொகுதியில் என்று தெரிந்தால் அதை மாற்றுவோம். பம்பே தளர்ந்திருந்தால் பெட்டிதான்.

பெட்டி என்று வந்தால் உன் அத்தானின் உதவி வேண்டும். பஞ்சிகாவத்தையில் அவருக்குத் தெரிந்த கடையில், பெட்டியில் பொறித்துள்ள இலக்கம் நம்முடையதோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல். இலக்கத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். வால்வுத் தொகுதி அதனோடேயே வர வேண்டும், ஏனெனில் அதன் அளவீடுகளை நம் காரின் கணினியில் பதியாவிட்டால் நல்ல பெட்டியும் நடுங்குமாம். அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைக் காட்ட மறுக்கிற கடையில் நிற்க வேண்டாம். ஒயில் கூலரை இங்கேயே புதிதாகப் போட்டுக்கொள்கிறேன்; பழையதில் தங்கிய துகள் புதுப் பெட்டியையும் தின்றுவிடும்.

வியாழனுக்குள் பதில் சொல். அத்தான் முற்பணம் மட்டும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள். ரேடியோ விவகாரம் உனக்கு நினைவிருக்கும்.

உன்,
கட்டையன்