இன்னும் வராத ஆறாம் புத்தகம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாப்பா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாளா! 2011 ஜூலையில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில் ஐந்தாவதான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' வந்தபோது அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்தத் தடிப் புத்தகத்தைப் படித்தாய். கடைசியில் கதையின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்னோ கத்திக்குத்துப் பட்டுப் பனியில் விழுந்த இரவு, போனில் நாம் இருவரும் பேசாமலே இருந்தோம். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று மார்ட்டின் இன்னும் எழுதித் தரவில்லை.

வேறு யாரிடமாவது கொடுத்து முடிக்கலாமே என்கிறாய். ராபர்ட் ஜோர்டான் 2007-ல் இறந்தபின் அவருடைய 'வீல் ஆஃப் டைம்' நாவல் வரிசையை இன்னொரு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் முடித்துக் கொடுத்தது உண்மைதான். ஆனால் ஜோர்டான் நிறையக் குறிப்புகளை விட்டுச் சென்றிருந்தார். மார்ட்டினோ தன்னைத் தோட்டக்காரர் என்று சொல்லிக்கொள்பவர். விதையை ஊன்றிவிட்டு, கிளை எந்தப் பக்கம் போகிறது என்று கூடவே நடப்பவர்.

மூன்றாம் புத்தகத்துக்குப் பிறகு கதையை ஐந்து வருடம் தாண்டவைத்து, குழந்தைகளை வளரவிடத்தான் முதலில் நினைத்தார். எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை, அந்தத் தாவலையே கைவிட்டார். மூன்றாவது 2000-ல் வந்தது, நான்காவது 2005-ல்தான் வந்தது. அதிலும் முக்கியப் பாத்திரங்களான ஜான், டைரியன், டெனேரிஸ் மூவருக்கும் அத்தியாயமே இல்லை. அடுத்ததில் டெனேரிஸ் அரசியாக ஆளும் மீரீன் நகருக்கு யார், எப்போது வந்து சேர்வது என்பதே பெரிய சிக்கலாகி அவரை வருடக்கணக்கில் பிடித்துவைத்தது. கடைசியில் அவளுடைய மெய்க்காவல் வீரரான கிழவர் பாரிஸ்டன் கண்வழியே சொல்லி அதை அவிழ்த்தார். போன மாதம் அந்த அத்தியாயங்களைத் திரும்பப் படித்தேன். அரசி இல்லாத அரண்மனையில், தான் பழக்கும் பையன்களை நினைத்துக்கொண்டு தனியாக நிற்கும் அந்தக் கிழவருக்காக ஆறு வருடம் காத்திருந்தது எனக்குத் தகும்டா.

வருத்தம் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரி 2-ம் தேதி, ஆறாம் புத்தகத்துக்கான கெடு தவறிவிட்டது என்று மார்ட்டினே எழுதியதைப் படித்தபோது மனசு விட்டுப்போயிற்று. இந்தக் கதையை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் புத்தகத்தை முந்திப்போய், 2019-ல் முடிந்தும்விட்டது. முக்கால்வாசி எழுதியாயிற்று என்று 2022-ல் சொன்னார். அதற்கப்புறமும் வருடங்கள் போய்விட்டன.

ஆனால் "உயிரோடு இருக்கும்போது முடிப்பாரா" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. 1948-ல் பிறந்த மனிதர், நம் அப்பாக்களின் வயது. இன்னும் பழைய டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் என்ற அந்தக் கால மென்பொருளில் எழுதுகிறார். அவர் காதில் விழும்படி அப்படி ஒரு கணக்கை நாம் போட வேண்டாம்.

பாப்பா படிக்கக் கேட்கிறாள் என்றாயே, முதல் புத்தகத்தை இப்போது கொடுக்காதே. பிளஸ் டூ முடியட்டும். அதே உலகத்தில் நடக்கும், டங்க் என்ற வீரனும் எக் என்ற அவனுடைய உதவியாள் பையனும் வரும் கதைகளைக் கொடு. மூன்றும் சேர்ந்து ஒரே தொகுப்பாக வந்திருக்கிறது. எக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி வந்ததும் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்